வாசகர் கேள்வி – பதில்: ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்கும் இசைக்குழு

2025 மார்ச் 8ஆம் திகதி இளையராஜாவின் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியதிலிருந்து, மேலைத்தேய இசைக்குழுக்களைப் பற்றிய கேள்விகள் மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரை வழக்கம்போல விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஹட்டன் வாசகர்: இளையராஜாவின் சிம்பொனியை வாசித்த ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அரசாங்கத்துடையதா? அதில் வாசிப்பவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டா? தலைநகருக்கு வெளியேயும் இத்தகைய குழுக்கள் இருக்கின்றனவா?

அரசாங்கத்துடையது அன்று. 1946இல் தோமஸ் பீச்சம் என்ற இசை நடத்துநர் தொடங்கிய அந்தக் குழு, அவர் மறைந்து இரண்டொரு ஆண்டுகளுக்குள், அதில் வாசிப்பவர்களே கூடி நிர்வகிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இலண்டனின் பெயர்பெற்ற சுயாதீனச் சிம்பொனி இசைக்குழுக்கள் நான்கும் ஏறக்குறைய இந்த முறையில்தான் இயங்குகின்றன. உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒத்திகைக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு, ஒலிப்பதிவுக்கு இவ்வளவு என்று, வந்து வாசித்த வேலைக்குத்தான் பணம். நமது தோட்டத்துப் பேச்சில் சொல்வதானால், வருகைப் பதிவேடான செக்ரோலில் அன்றைக்குப் பேர் விழுந்தால்தான் காசு. பிபிசியின் இசைக்குழுவும் ஒப்பரா மாளிகைகளின் இசைக்குழுக்களும் மட்டுமே தலைநகரில் இதற்கு விலக்கு.

உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில்தான் பலருக்கு வியப்பாக இருக்கும். மான்செஸ்டர், லிவர்பூல், பேர்மிங்ஹாம், போர்ன்மத் ஆகிய வெளியூர்களிலும் முழுநேரச் சிம்பொனி இசைக்குழுக்கள் இருக்கின்றன. அங்கேதான் கலைஞர்கள் ஒப்பந்தம் எழுதி, மாதச் சம்பளமும் விடுமுறையும் ஓய்வூதியமும் உள்ள ஊழியர்களாக வேலை செய்கிறார்கள். புகழ் தலைநகரில், மாதச் சம்பளம் வெளியூரில் என்ற இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. வெளியூர் இசைக்குழுக்களின் வரலாறே பெரும்பாலும் அந்தச் சம்பளத்தின் வரலாறுதான் என்பது என் கருத்து. அடுத்து வரும் கேள்விகளும் அங்கேதான் போய் நிற்கின்றன.

நுவரெலியா வாசகி: இங்கிலாந்தின் வெளியூர் இசைக்குழுக்களுள் மிகப் பழையது எது? யார் தொடங்கியது?

சங்கம் என்ற வகையில் பார்த்தால் லிவர்பூல் மூத்தது; அங்கே 1840இலேயே பில்ஹார்மோனிக் சங்கம் தோன்றிவிட்டது. ஆனால் அதன் ஆரம்ப நாட்களில் பொழுதுபோக்காக வாசித்தவர்களும் தொழிலாக வாசித்தவர்களும் கலந்தே மேடையேறினார்கள். தொழிலாக வாசிப்பவர்களைக் கொண்டு தொடங்கி, இன்றுவரை தொடர்ந்து இயங்கும் குழு என்று பார்க்கும்போது, மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவுக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். அதன் முதற் கச்சேரி 1858 ஜனவரி 30ஆம் திகதி நடந்தது.

ஹாலே என்பது ஒரு மனிதரின் பெயர். 1819இல் ஜெர்மனியின் ஹாகன் என்ற ஊரில் பிறந்த கார்ல் ஹாலே, இளம் வயதிலேயே பாரிஸுக்குச் சென்று, இசைமேதைகளான சோப்பினையும் லிஸ்டையும் நேரிற் பழகிக் கேட்டு வளர்ந்த பியானோக் கலைஞர். 1848இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. பணக்காரக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போக, அவற்றை நம்பியிருந்த பியானோ ஆசிரியரின் வருமானமும் போயிற்று. அவர் இங்கிலாந்துக்கு வந்து, மான்செஸ்டரில் குடியேறிய ஜெர்மன் வணிகர்களின் அழைப்பை ஏற்று, பருத்தி ஆலைகளின் புகை சூழ்ந்த அந்த ஊரில் தங்கிவிட்டார். கார்ல் என்ற பெயரும் சார்ல்ஸ் ஆயிற்று.

ஊரில் இசையே இல்லாமல் இருந்ததென்று நினைத்துவிடக் கூடாது. புல்லாங்குழல் வாசிப்பதில் ஆர்வமுள்ள கனவான்கள் சிலர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆரம்பித்த ஒரு கச்சேரிச் சபை அங்கே இருந்தது. ஆனால் அது உறுப்பினர்களுக்கு மட்டுமே கதவு திறந்த சபை. நிலைமையை மாற்றியது ஒரு கண்காட்சி. 1857 மே மாதம் முதல் ஒக்டோபர் வரை மான்செஸ்டரில் நடந்த மாபெரும் கலைக் கண்காட்சிக்குப் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களுக்கு அன்றாடம் இசை வழங்குவதற்காக ஹாலே ஒரு பெரிய குழுவைத் திரட்டினார். வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களிலிருந்து வந்த சாதாரண மக்களிற் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சிம்பொனியைக் கேட்டது அங்கேதான். கண்காட்சி முடிந்ததும் குழு கலைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. நட்டம் வந்தால் தன்னுடையது என்று துணிந்து, கையிலிருந்த கலைஞர்களைக் கொண்டே ஒரு கச்சேரித் தொடரை அறிவித்தார். கனவான்களின் இருக்கைகளோடு, ஒரு ஷில்லிங் கொடுத்தால் எவரும் வந்து கேட்கக்கூடிய இடத்தையும் ஒதுக்கினார்.

முதற் பருவத்தில் முப்பது கச்சேரிகள் நடந்தன. ஆரம்பத்தில் ஆசனங்கள் வெறிச்சோடிக் கிடந்தன, பணம் கரைந்தது, நண்பர்கள் நிறுத்திவிடச் சொன்னார்கள். பிற்பகுதியிற் கூட்டம் மெல்லச் சேர்ந்தது. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, கச்சேரிகளின் நிர்வாகத்தைக் கவனித்த போர்சைத் சகோதரர்கள் அவர் கையில் புத்தம்புதிய மூன்று பென்னி நாணயங்கள் பத்தை வைத்தார்கள். மொத்த இலாபம் அவ்வளவுதான்: முப்பது கச்சேரிக்கு முப்பது பென்னி, கச்சேரி ஒன்றுக்கு ஒரு பென்னி! வேறொருவராக இருந்தால் அதைத் தோல்வி என்று சொல்லியிருப்பார். ஹாலேயோ, நட்டமில்லை என்ற அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு அடுத்த பருவத்தை அறிவித்துவிட்டார். அவர் சிறந்த பியானோக் கலைஞர்தான், ஆனால் அவருடைய மேதைமை கணக்கில்தான் இருந்தது என்று நான் நினைப்பதுண்டு.

நம் பக்கத்துக் காலக்கணக்கும் சேர்த்துச் சொன்னால் இந்தத் திகதி மனதில் நிற்கும். அதே 1858இல்தான் கொழும்பு – கண்டி புகையிரதப் பாதைக்கு மண் வெட்டத் தொடங்கினார்கள். அப்போது இந்த மலைகளில் இருந்தது தேயிலையன்று, கோப்பி. நம் முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்துகொண்டிருந்த காலம் அது.

கச்சேரிகள் நடந்த மண்டபத்துக்கும் ஒரு கதை உண்டு. வெளிநாட்டுத் தானியத்தின் மேல் வரி விதித்த தானியச் சட்டங்களை எதிர்த்துப் போராடி, 1846இல் அவற்றை நீக்கச் செய்த இயக்கத்தின் நினைவாகக் கட்டப்பட்ட அதன் பெயர் சுதந்திர வர்த்தக மண்டபம். அது எழுந்த இடமோ பீட்டர்லூ படுகொலை நடந்த திடல். வாக்குரிமையும் அரசியற் சீர்திருத்தமும் கேட்டு 1819 ஓகஸ்டில் அங்கே திரண்ட தொழிலாளர் கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்து வெட்டியது. ஆலை முதலாளியும் ஷில்லிங் கொடுத்து நின்ற ஆலைத் தொழிலாளியும் ஒரே இசையைக் கேட்டது அந்த மண்ணின் மேல்தான்.

தலவாக்கலை வாசகர்: தனிமனிதர் தொடங்கிய குழுக்கள் அவரோடு முடிந்துவிடுவதே நாம் பார்த்தது. ஹாலே குழு அவருக்குப் பிறகு எப்படிப் பிழைத்தது?

சரியான இடத்திற் கைவைத்திருக்கிறீர்கள். 1895 ஒக்டோபரில் ஹாலே இறந்தபோது, அந்த இசைக்குழுவுக்கு அவரைத் தவிர வேறு உடைமையாளர் இல்லை. முப்பத்தேழு ஆண்டுகளாக இலாபமும் அவருடையது, நட்டமும் அவருடையது. ஊரின் வணிகர்கள் மூவர் முன்வந்து, நட்டம் ஏற்பட்டால் தாம் ஈடுசெய்வதாக உத்தரவாதம் கொடுத்துக் கச்சேரிகளை நடத்தினார்கள். அவர்களுள் ஒருவர் அந்தப் பத்து நாணயங்களைக் கொடுத்த போர்சைத் குடும்பத்தவர். பின்னர் 1899இல், உத்தரவாதம் கொடுப்பவர்கள் பலரைச் சேர்த்து ஹாலே கச்சேரிச் சங்கம் அமைக்கப்பட்டது. ஒருவர் சுமந்த நட்டத்தைப் பலர் தோளில் பகிர்ந்து வைத்ததுதான் அந்தச் சங்கத்தின் சாரம். நமது ஊர்களில் மரணாதாரச் சங்கம் நடத்திப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சங்கம் அமைந்த அதே ஆண்டில் ஹான்ஸ் ரிக்டர் நடத்துநராகப் பொறுப்பேற்றார். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோடு நெருங்கி வேலை செய்து, வியன்னாவிற் கொடிகட்டிப் பறந்த ஒருவர் ஆலைப் புகை ஊருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்றால், அந்தக் குழுவின் தரம் எங்கே போயிருந்தது என்று ஊகிக்கலாம். ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் முதலாவது சிம்பொனி 1908 டிசம்பர் 3ஆம் திகதி முதன்முதலாக ஒலித்தது மான்செஸ்டரில்தான். இலண்டன் சில நாட்கள் காத்திருந்துதான் கேட்டது.

இவ்வளவு புகழ் இருந்தும், கலைஞர்களின் நிலை என்ன? ஹாலே பருவம் என்பது குளிர்காலம் மட்டுமே. கோடை வந்ததும் குழு கலைந்துவிடும்; வயலின் வாசித்தவரும் கொம்பு வாசித்தவரும் கடற்கரை ஊர்களுக்கும் வெந்நீரூற்று ஊர்களுக்கும் போய், உல்லாசப் பயணிகள் உலாவும் இடங்களிலும் கடலுக்குள் நீளும் பாலங்களிலும் மெல்லிய இசை வாசித்து வயிற்றைக் கழுவினார்கள். ரிக்டரின் கீழ் வாக்னரின் இசையை வாசித்தவர், ஆறு மாதம் கழித்துத் தேநீர் அருந்துவோருக்குப் பின்னணி வாசித்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் நடைமுறை. 1930களில் மான்செஸ்டரில் பிபிசியின் வட பிராந்திய இசைக்குழு வளர்ந்தபோது, ஒரே கலைஞர்களை இரண்டு குழுக்களும் பகிர்ந்துகொண்டன.

முடிச்சு அவிழ்ந்தது போர்க்காலத்தில். 1940 டிசம்பரில் ஜெர்மனியின் குண்டுவீச்சில் சுதந்திர வர்த்தக மண்டபம் எரிந்து, சுவர்கள்தான் எஞ்சின. ஆனால் இசைக்குக் கூட்டம் குறையவில்லை, பெருகியது. விலங்குக் காட்சிச்சாலை ஒன்றோடு சேர்ந்திருந்த சர்க்கஸ் மண்டபத்தில், வட்டமாக அமைந்த ஆயிரக்கணக்கான இருக்கைகளுக்கு நடுவே பேத்தோவனை வாசித்தார்கள். இத்தனை கிராக்கி இருக்கும்போது கலைஞர்களைப் பிபிசியோடு பகிர்ந்துகொண்டிருக்க முடியாது என்று சங்கம் தீர்மானித்து, ஆண்டு முழுவதற்குமான ஒப்பந்தத்தை அறிவித்தது. நியூயோர்க் பில்ஹார்மோனிக்கின் நடத்துநராக இருந்த ஜோன் பார்பிரோலியையும் வரவழைத்தது.

1943 ஜூன் தொடக்கத்தில் அவர் வந்து பார்த்தால், குழுவே இல்லை. பகிர்ந்து வாசித்தவர்களிற் பெரும்பாலோர் பிபிசியின் நிலையான வேலையைத் தெரிவு செய்துவிட்டார்கள், இளைஞர்களோ போர்முனையில். முதற் கச்சேரிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. பார்பிரோலி நாள் முழுவதும் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பாடசாலை மாணவர், ஆசிரியை, இதுவரை எந்தப் பெரிய குழுவிலும் அமர்ந்திராதவர்கள் என்று பொறுக்கியெடுத்து, உட்காரவைத்துப் பயிற்றி, 1943 ஜூலை 5ஆம் திகதி பிராட்போர்டில் மேடையேற்றினார். அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதத் தகுந்ததுதான். என்றாலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதற்கு முன் நடந்த அந்தக் காகித வேலை, அதாவது குளிர்காலக் கூலியை ஆண்டுச் சம்பளமாக மாற்றிய ஒப்பந்தம். அது இல்லாவிட்டால், பயிற்றப்பட்டவர்கள் அடுத்த கோடையில் மீண்டும் கடற்கரைப் பாலத்துக்குப் போயிருப்பார்கள். பார்பிரோலி 1970இல் இறக்கும்வரை அந்தக் குழுவோடு உறவை விடவில்லை.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951இல் பழைய மண்டபம் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. 1996இல் குழு பிரிட்ஜ்வோட்டர் மண்டபத்துக்கு மாறியது. தெருவின் அதிர்வு உள்ளே வராதிருக்க அந்தக் கட்டடம் ஏறத்தாழ 280 சுருள்விற்களின் மேல் நிற்கிறது. அழகான மண்டபத்துக்குப் போன இரண்டே ஆண்டுகளில் குழு கடனில் மூழ்கி வங்குரோத்தின் வாசலுக்குப் போனது. பொதுப்பணம் வந்துதான் மீட்டது. 2000ஆம் ஆண்டு பொறுப்பேற்ற மார்க் எல்டர் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்து அதைத் தூக்கி நிறுத்தினார். 2024 முதல் முதன்மை நடத்துநராக இருப்பவர் சிங்கப்பூரைச் சேர்ந்த கா-சுன் வொங்.

பண்டாரவளை வாசகர்: ஒரு நகர சபையே இசைக்குழு நடத்துவது உண்டா?

உண்டு, அதற்குப் போர்ன்மத் சாட்சி. அது ஆலை ஊரன்று, கடற்கரைச் சுகவாச ஊர். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவை நம் மாநகர சபை அலங்கரிப்பதைப் போல, வருகிறவர்களை ஊரிலேயே தங்கவைக்க வேண்டும் என்பதற்காகப் போர்ன்மத் நகர சபை 1893இல் டான் கோட்ஃப்ரி என்பவரிடம் முப்பது கலைஞர்கள் கொண்ட குழு ஒன்றை அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. பொறுப்பிலிருந்தவர்கள் எதிர்பார்த்தது கடற்கரையில் ஒலிக்கும் மகிழ்ச்சியான வாத்தியம். கோட்ஃப்ரியோ அதே ஆட்களைக் கொண்டு சிம்பொனிக் கச்சேரிகளைப் புகுத்தி, யாரும் கேட்டிராத பிரித்தானிய இசையமைப்பாளர்களின் ஆக்கங்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அரங்கேற்றினார். சபையில் செலவைப் பற்றிய முணுமுணுப்பு ஓயவேயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1954இல் சபை அதைத் தனியே தாங்க முடியாமல் ஒரு சங்கத்திடம் ஒப்படைக்க, போர்ன்மத் சிம்பொனி இசைக்குழு என்ற இன்றைய பெயர் வந்தது. இப்போது அதன் இருப்பிடம் பக்கத்து ஊரான பூல்.

நகர சபைகள் சோலை வரிப் பணத்தை இசைக்குச் செலவிடலாமா என்ற கேள்வி அங்கேயும் இருந்தது. 1948இன் உள்ளூராட்சிச் சட்டம், வரி மதிப்பின் ஒவ்வொரு பவுணுக்கும் ஆறு பென்னி வரை கலைக்கும் பொழுதுபோக்குக்கும் செலவிடலாம் என்று வழிவிட்டது. 1946இல் அமைந்த கலைக் கழகத்தின் மானியமும் இந்தப் பணமும் சேர்ந்துதான் வெளியூர்க் குழுக்களை நிலைநிறுத்தின. அந்தப் பணம் என்றைக்கும் நிச்சயமானது என்று எண்ண வேண்டாம். 1920இல் நகரத்தின் உதவியோடு பிறந்து, சைமன் ராட்டில் என்ற இளம் நடத்துநரின் கீழ் 1980 முதல் 1998 வரை உலகப் புகழ் பெற்றது பேர்மிங்ஹாம் குழு. 2023இல் அந்த மாநகர சபை நிதி முறிந்துபோனதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு, குழுவுக்கான உதவித்தொகையை முதலில் பாதியாகவும் பிறகு முற்றாகவும் நிறுத்தத் தீர்மானித்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியை அனுபவித்த நமக்கு இந்தச் செய்தியைப் புரிந்துகொள்வதிற் சிரமமில்லை.

கண்டி வாசகி: இந்தக் குழுக்களில் பெண்களுக்கு இடம் இருந்ததா?

நெடுங்காலம் மிகக் குறைவு. ஆண்கள் போருக்குப் போன நேரங்களிற் கதவு திறந்தது. பார்பிரோலி 1943இற் சேர்த்தவர்களிற் கணிசமானோர் பெண்கள். வியன்னா பில்ஹார்மோனிக் 1997இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றது என்பதை நினைத்தால், மான்செஸ்டர் அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது. நடத்துநர் மேடை இன்னும் பிந்தியது: பிரித்தானியச் சிம்பொனி இசைக்குழு ஒன்றின் முதன்மை நடத்துநராகிய முதற் பெண் மரின் ஓல்சப். 2002இல் அவரை அமர்த்தியது போர்ன்மத்.

பதுளை மாணவி: சேர், நான் வயலினில் எட்டாம் தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். இப்படிப்பட்ட குழுவில் சேர்வதற்கு அது போதுமா?

தங்கைக்கு என் வாழ்த்து. மலையகத்தில் எட்டாம் தரம் வரை வயலின் கற்பிக்கும் ஆசிரியர் கிடைப்பதே அரிது. ஆனால் ஒளிக்காமற் சொல்வதானால், அந்தத் தரம் ஓர் இசைக் கல்லூரியின் வாசலில் நிற்பதற்கான தகுதி. அதற்கப்பால் நான்கு ஆண்டுகளாவது படிக்க வேண்டும். பிறகு குழுவின் தேர்வு: பெரும் ஆக்கங்களிலுள்ள கடினமான பகுதிகளைத் தனியே வாசித்துக் காட்ட வேண்டும். அதிலே தேறினாலும் உடனே வேலை கிடைக்காது. பிரித்தானியக் குழுக்களில் டிரயல் என்றொரு முறை உண்டு. தேறியவர்களை மாறி மாறி அழைத்து, வாரக்கணக்கிலும் சிலவேளை மாதக்கணக்கிலும் குழுவுக்குள் வாசிக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் அபிப்பிராயத்தையும் கேட்டே நிரந்தரமாக்குவார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தவரை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு காட்சி. வயலின் பகுதியில் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் ஒரே இசைத்தாள், தாளின் ஓரத்தில் ஒரு பென்சில். ஒத்திகையின்போது பகுதியின் தலைவர் இந்தச் சுரத்துக்கு வில் மேல்நோக்கிப் போக வேண்டும் என்று தீர்மானித்தால், அந்தச் செய்தி முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் கிசுகிசுப்பாகப் போகும். உட்புறம் அமர்ந்தவர் வாசிப்பை விட்டுப் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்வார், வெளிப்புறம் அமர்ந்தவர் விடாமல் வாசிப்பார். தாள் புரட்டுவதும் உட்புறத்தவர் வேலை. அவர் ஒரு நொடி பிந்தினால் இருவரும் தடுமாறுவர். இதைப் பரீட்சை எதுவும் சோதிப்பதில்லை. ஆகவே தனியே பயிற்சி செய்வதோடு, இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். கொழும்பில் 1958 முதல் இயங்கும் இலங்கைச் சிம்பொனி இசைக்குழுவில், வேறு தொழில் பார்த்துக்கொண்டே வாசிப்பவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். அதன் கச்சேரி ஒன்றையாவது நேரிற் கேட்டுவிடுங்கள்.

மஸ்கெலியா வாசகர்: ஐயா, என் அப்பா தப்பு மேளம் வாசிப்பவர், நானும் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர். உருமியும் உண்டு. எங்களைப் போன்றவர்களை இசைக்குழு என்று சொல்லலாமா? இதை முழுநேரத் தொழிலாக நடத்த முடியுமா?

முதற் கேள்விக்குத் தயக்கமே வேண்டாம், தம்பி. பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் பல்லியம் என்று நம் பழந்தமிழ் சொன்னது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமைக்குப் பின் முழவும் நின்று, இவற்றோடு ஆமந்திரிகை என்ற கருவியும் கூடி ஒலித்த வரிசை சொல்லப்பட்டிருக்கிறது. எந்தக் கருவி எதைப் பின்பற்ற வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தால் அது இசைக்குழுதான். மான்செஸ்டரில் ஓபோ என்ற குழற்கருவி ஒரு சுரத்தைக் கொடுக்க, அதற்கு எல்லோரும் சுருதி சேர்த்த பிறகே கச்சேரி தொடங்கும். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த காமன் கூத்து இரவுகளில், மாசிப் பனியில் தோல் தொய்ந்துபோகும் என்பதால், காய்ந்த தேயிலைக் குச்சியான மிலாறு போட்டு மூட்டிய தீயைச் சுற்றி நின்று தப்பைக் காய்ச்சுவார்கள். ஒருவர் விரலாற் சுண்டிப் பார்த்து, ஒலி பற்றவில்லை என்றால் மீண்டும் தீயில் காட்டுவார். எல்லாம் ஒரே குரலிற் பேசிய பிறகுதான் அடி தொடங்கும். கூத்துக்கு இடையில் பனி இறங்கினால், இரண்டு பேர் மட்டும் தாளத்தை விடாமற் பிடித்திருக்க, மற்றவர்கள் தீக்குப் போய் வருவார்கள். அந்த இருவரும் வாசிப்பை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கேள்வி கடினம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்கு ஆட்களை அழைக்கத் தப்பு அடித்த காலத்தில், அது தோட்டத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது. இன்று திருவிழாவும் காமன் கூத்தும் மரண வீடும்தான் எஞ்சியிருக்கின்றன. திருவிழா முடிந்தால் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டும், கவ்வாத்து வெட்ட வேண்டும், இல்லையேல் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக வேண்டும். 1943க்கு முந்திய ஹாலேக் கலைஞரின் கோடைகாலம்தான் இது. நமக்கு அதற்கு மேலும் ஒரு சுமை இருக்கிறது. தப்பைச் சாதியோடு சேர்த்துக் கட்டி, வாசித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய வழக்கம் அது. ஒரு திருவிழாவில் மூன்று இரவுகள் வாசித்த குழுவுக்கு ஒரு வேட்டியும் ஒரு போத்தலும் கொடுத்து அனுப்பியதை நான் கண்ணாற் கண்டேன். அதே மேடையில் பாட வந்த வெளியூர் மியூசிக் குழுவுக்கு முற்பணம் போயிருந்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்களல்லர். தப்புக்குக் கூலி பேசலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே முழுநேரம் என்பதை உடனே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஹாலே செய்த முதல் வேலையை நீங்களும் செய்யலாம்: கணக்கு. எத்தனை நாள் வாசித்தோம், எத்தனை பேர், பயணச் செலவு எவ்வளவு, தோலுக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு, பேசிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, அந்த நாட்களில் செக்ரோலில் இழந்த பேர் எத்தனை என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வேட்டியையும் போத்தலையும் அவற்றின் விலை போட்டே எழுதுங்கள். பிறகு, போர்ன்மத்தைப் போல, ஆட்கள் வந்து தங்கும் ஊர்களைப் பாருங்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவிலும், ஆண்டின் பெரும்பகுதியில் எல்லவிலும் உல்லாசப் பயணிகள் இருக்கிறார்கள். மாதத்தில் நான்கு நாள் வாசிப்பதற்கு ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை எழுத்திற் கேட்டால், சபையோ விடுதியோ மறுக்கலாம். ஆனால் கணக்குக் கொப்பி கையிலிருந்தால் என்ன கேட்கிறோம் என்பதாவது இரு தரப்புக்கும் தெளிவாக இருக்கும். தொகை பேசும்போது ஒத்திகை நாட்களையும் சேர்த்துப் பேசுங்கள். இலண்டன்காரர்களுக்கு ஒத்திகைக்கும் காசு உண்டு என்று முதற் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

வருகிற மாசி முதல் ஆடி வரையான கணக்கை எழுதி எனக்கு அனுப்புங்கள். எட்டுப் பேருக்கு ஆண்டுச் சம்பளம் கொடுக்க எத்தனை நாள் வாசிக்க வேண்டியிருக்கும் என்பதை, உங்கள் ஊர் விலைவாசியை வைத்தே, இதே பகுதியிற் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.